கச்சேரி முடிஞ்சது, வண்டி எங்க? அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழிமுறை

கிருஷ்ணகிரியில் ஏழு பேர் உட்காரும் மஞ்சள் போர்டு வண்டி ஒன்று வைத்து ஓட்டுகிறேன். கல்யாணம், காதுகுத்து, திருப்பதி என்று போய்க்கொண்டிருந்த பிழைப்பில் சில வருடமாகப் புதிதாக ஒன்று சேர்ந்துகொண்டது. பெங்களூருவில் பெரிய பாட்டுக் கச்சேரி என்று அறிவிப்பு வந்தால் போதும், பர்கூர், காவேரிப்பட்டணம், பாலக்கோடு, தர்மபுரி என்று நாலா பக்கமிருந்தும் பிள்ளைகள் போன் போடுகிறார்கள். "ண்ணா, ஆறு பேரு. கொண்டுபோய் விட்டு, முடிஞ்சதும் கூட்டிட்டு வந்துடணும்."

கொண்டுபோய் விடுவதில் ஒருநாளும் வம்பு வந்ததில்லை. கூட்டி வருவதில்தான் எல்லாம். சாயங்காலம் நாலு மணியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போன ஜனம், கடைசிப் பாட்டு முடிந்த அரை மணிக்குள் ஒரே மூச்சில் வெளியே வருகிறது. வாசலும் அதேதான், ரோடும் அதேதான். போதாததற்கு அந்த நேரம் பார்த்துப் பாதி ரோட்டைப் போலீஸ் அடைத்துவிடும். அடைக்காவிட்டால் நடந்து வருகிறவர்கள் மேல் வண்டி ஏறும் என்பதால் அவர்களைக் குறை சொல்லவும் முடியாது.

இத்தனை டிரிப்பில் எனக்குப் பிடிபட்டது இவ்வளவுதான்: அன்றைக்கு வண்டி ஆளைத் தேடி வரக்கூடாது, ஆள்தான் வண்டியைத் தேடி நடக்க வேண்டும். கீழே சொல்லியிருக்கிற கோளாறுகளில் முக்கால்வாசி இதை மறந்ததால் வருபவை. இப்போதே மாட்டிக்கொண்டு நிற்கிறீர்கள் என்றால் உங்கள் அறிகுறிக்கு நேராகப் போய்விடுங்கள். இன்னும் வீட்டில்தான் இருக்கிறீர்கள் என்றால் முழுதும் படித்துவிட்டுக் கிளம்புங்கள்.

அறிகுறி: டவர் நாலு கோடு காட்டுகிறது, போன் போகவில்லை, வாட்ஸ்அப் ஒற்றை டிக்கில் நிற்கிறது

போனில் கோளாறு இல்லை. கிருஷ்ணகிரி டோல்கேட்டை நினைத்துக்கொள்ளுங்கள். டோல்கேட் கண்ணுக்கு எதிரே தெரிகிறது, ஆனால் முன்னால் நாற்பது லாரி. அந்த நாலு கோடு சொல்வது டோல்கேட் எவ்வளவு பக்கம் என்பதை மட்டும்தான். வரிசை எவ்வளவு நீளம் என்பதை அது காட்டாது. ஒரு டவர் ஒரே சமயத்தில் தாங்கக்கூடிய ஆட்களுக்கு அளவு உண்டு. முப்பதாயிரம் பேர் ஒரே நிமிடத்தில் வீடியோ அனுப்பிக்கொண்டே "எங்கடா இருக்க" என்று கேட்டால் அது திணறாமல் என்ன செய்யும்?

திரும்பத் திரும்பக் கூப்பிடுவதை முதலில் நிறுத்துங்கள். நீங்கள் என்னை அழைக்கும் நொடியில் நான் உங்களை அழைத்துக்கொண்டிருப்பேன், இரண்டு பக்கமும் பிஸி என்று வரும். எங்கள் டிரிப்பில் ஒரு சட்டம் வைத்திருக்கிறேன்: கூப்பிடுவது நான், எடுப்பது நீங்கள். 5 நிமிடத்துக்கு ஒரு முறை நான் அடிப்பேன். அதற்குள் நீங்கள் அழைக்காதீர்கள்.

அடுத்தது சாதா எஸ்எம்எஸ். சின்னப் பிள்ளைகள் இதை மறந்தே போய்விட்டார்கள், ஓடிபி வருவதற்கான பெட்டி என்று நினைக்கிறார்கள். எஸ்எம்எஸ்ஸுக்குத் தேவைப்படும் இடம் மிகச் சின்னது. சின்னச் சந்து கிடைத்தாலும் போய்விடும். என் போன் அந்த நேரம் கிடைக்காவிட்டால் நடுவில் உள்ள கம்ப்யூட்டரில் காத்திருந்து பிறகு வந்து சேரும். தமிழில் அடித்தால் 70 எழுத்துக்குறிக்குள் முடியுங்கள், தாண்டினால் இரண்டு துண்டாகப் போகும், கூட்டத்தில் ஒரு துண்டு முன்னே வரும், ஒரு துண்டு தொங்கும். "தூண் 412 கீழ். 6 பேர். நடந்து வர்றோம்." இவ்வளவு போதும். "ண்ணா சாப்ட்டீங்களா" எல்லாம் வண்டியில் ஏறிக் கேட்டுக்கொள்ளலாம்.

அதுவும் போகவில்லையா? ஏரோபிளேன் மோடைப் போட்டுப் பத்து நொடி கழித்து எடுங்கள். 5ஜியை அணைத்து 4ஜி மட்டும் வைத்துப் பாருங்கள், சில சமயம் கைகொடுக்கிறது. இவற்றையெல்லாம்விட உறுதியான வைத்தியம் கால்தான். ஒரு கிலோமீட்டர் நடந்தால் வேறு டவருக்குப் போய்விடுவீர்கள், ஒற்றை டிக்கெல்லாம் வரிசையாக இரட்டை டிக்காக மாறுவதை நடந்துகொண்டே பார்க்கலாம்.

அறிகுறி: "நான் கேட்லதான் நிக்கறேன்ணா, நீங்க எங்க?"

கேட்டுக் கேட்டுப் புளித்துப்போன வசனம். எந்த கேட்? டிக்கெட்டில் போட்டிருக்கும் கேட் நம்பர் உள்ளே போவதற்கானது. வெளியே வரும்போது கூட்டத்தை எந்தப் பக்கம் திறந்து விடுகிறார்களோ அந்தப் பக்கம்தான் வருவீர்கள். போன வழியும் வந்த வழியும் அரை கிலோமீட்டர் தள்ளி இருக்கும். இருட்டில், வியர்வையில், காது அடைத்துப்போன நிலையில் அது உங்களுக்கே தெரியாது.

ஒரு முறை இப்படித்தான் தர்மபுரிப் பிள்ளைகள் நாலு பேர். "பெரிய பேனர் பக்கத்துலண்ணா, அதுல பாடகர் போட்டோ இருக்கு." நான் நின்ற இடத்திலும் பேனர், அதிலும் அதே போட்டோ. ஒரே படத்தை ரோடு நெடுகக் கட்டியிருந்தார்கள். அரை மணி நேரம் இரண்டு தரப்பும் அவரவர் பேனருக்கடியில் நின்று சண்டை போட்டோம். இன்னொரு பிள்ளை "ஒரு ஐஸ்கிரீம் வண்டி நிக்குது" என்றது. வண்டி நகரும் என்று அதற்குத் தோன்றவில்லை.

அடையாளம் என்றால் நகராததாக, உலகத்தில் ஒன்றே ஒன்றாக இருக்க வேண்டும். பெங்களூருவில் எனக்குத் தெரிந்து மிகச் சிறந்த அடையாளம் மெட்ரோ தூண். ஒவ்வொரு தூணிலும் நம்பர் எழுதியிருக்கும். பாட்டுப் பைத்தியமோ பாமரனோ, நம்பரைப் படித்துச் சொல்லிவிடலாம். மெட்ரோ இல்லாத பக்கம் என்றால் கரண்ட் கம்பத்து நம்பர், அல்லது கடைப் பலகையின் கடைசி வரியில் இருக்கும் தெருப் பெயர்.

இடத்தைக் கச்சேரிக்குப் பிறகு தேடுவது தப்பு. போகும்போதே, வெளிச்சத்திலேயே, வண்டியில் உட்கார்ந்தபடியே முடிவு செய்துவிடுவோம். நான் பார்க்கும் லட்சணங்கள் சொல்கிறேன். வாசலிலிருந்து ஒன்று, ஒன்றரை கிலோமீட்டர் தள்ளி. போலீஸ் தடுப்பு வைக்கிற இடத்துக்கு வெளியே. ராத்திரியும் வெளிச்சமும் ஒரு கடையும் இருக்கிற இடம். முக்கியமானது, ஊருக்குத் திரும்பும் திசையில், ரோட்டின் இடது பக்கம். இந்தக் கடைசி லட்சணத்தை யாரும் யோசிப்பதில்லை. வலது பக்கம் நின்றால் உங்களை ஏற்ற நான் அடுத்த யூ டர்ன் வரை போய் வர வேண்டும், அந்த ராத்திரியில் அது 40 நிமிடம்.

பிறகு ஒரு மாற்று இடம். முதல் இடத்தில் 20 நிமிடம் நின்றும் வண்டி வரவில்லை என்றால் பேச்சே இல்லாமல் இரண்டாவது இடத்துக்கு நடக்க வேண்டும். இதையெல்லாம் பழைய கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கத்தில் எழுதி ஆளுக்கொன்றாகக் கொடுத்துவிடுவேன்: என் நம்பர், வண்டியின் கடைசி நாலு இலக்கம், இடம் ஒன்று, இடம் இரண்டு, நேரம். முதலில் சிரிப்பார்கள். போன் கவருக்கும் போனுக்கும் நடுவில் செருகச் சொல்வேன். கர்நாடகத்து கே.ஏ. நம்பர் வண்டிகளுக்கு நடுவில் நம் கிருஷ்ணகிரி டி.என். 24 தனியாகத் தெரியும் என்று மட்டும் நம்பி ஏறிவிடாதீர்கள். அதே கச்சேரிக்கு டி.என். 24 பத்து வந்திருக்கும், தர்மபுரி டி.என். 29-ம் ஓசூர் டி.என். 70-ம் அதற்கு மேல். நாலு இலக்கத்தைப் பார்த்துவிட்டுக் கதவைத் திறங்கள். ஓசூர்க்காரர் ஒருவருடைய வண்டியில் எங்கள் பையன் ஏறித் தூங்கியே போய்விட்டான்.

அறிகுறி: மேப்பில் வண்டி 50 மீட்டரில் காட்டுகிறது, கண்ணில் காணோம்

மேப்புக்கு மேல், கீழ் தெரியாது. நீங்கள் மேம்பாலத்துக்கு அடியில் நிற்கிறீர்கள், வண்டி மேலே போகிறது, இரண்டும் ஒரே புள்ளி. சில்க் போர்டு பக்கமிருந்து எலெக்ட்ரானிக் சிட்டி வரைக்கும் உயர்த்திக் கட்டின ரோடு ஓடுகிறதே, அதற்குக் கீழே நின்று லொகேஷன் அனுப்புகிறவர்களுக்கு என் வணக்கம். மேலே ஏறிவிட்டால் நினைத்த இடத்தில் இறங்க முடியாது. "மேலயா கீழயா" என்பதை லொகேஷனோடு சேர்த்து எழுதுங்கள்.

நீலப் புள்ளியைச் சுற்றி வெளிர் நீல வட்டம் பெரிதாக இருந்தால் உங்கள் போனுக்கே தான் எங்கே இருக்கிறோம் என்று சரியாகத் தெரியவில்லை என்று அர்த்தம். திறந்த வானம் தெரிகிற இடத்துக்கு வந்து ஒரு நிமிடம் நில்லுங்கள், வட்டம் சுருங்கும். செயற்கைக்கோளிலிருந்து இடத்தைக் கண்டுபிடிப்பதற்கு நெட் தேவையில்லை, படம் இறங்கத்தான் நெட் வேண்டும். ஆகவே பெங்களூருவின் மேப்பை வீட்டு வைஃபையிலேயே ஆஃப்லைனில் இறக்கி வைத்துக்கொண்டால் கூட்டத்திலும் வழி தெரியும்.

நெட் இல்லாமல் லொகேஷன் அனுப்பவும் வழி உண்டு. மேப்பில் நீங்கள் நிற்கும் இடத்தை அழுத்திப் பிடித்தால் இரண்டு எண் வரும். பெங்களூரு என்றால் முதல் எண் 12-லோ 13-லோ தொடங்கும், இரண்டாவது 77-ல். புள்ளிக்குப் பின்னால் ஐந்து இலக்கம் இருந்தால் ஒரு மீட்டர் சுற்றில் ஆளைப் பிடித்துவிடலாம். மூன்று இலக்கத்தோடு நிறுத்தினால் நூறு மீட்டர் சுற்ற வேண்டும். அதை எஸ்எம்எஸ்ஸில் போடுங்கள். இரண்டாவது எண் 78-ல் தொடங்கினால் நீங்கள் அனுப்பியது கிருஷ்ணகிரி வீட்டு லொகேஷன். ஒரு பாப்பா அனுப்பியிருக்கிறது.

வாட்ஸ்அப் லைவ் லொகேஷன் வைத்தால் 15 நிமிடம், 1 மணி, 8 மணி என்று மூன்று கேட்கும். எட்டை அழுத்திவிட்டுக் கச்சேரிக்குள் போனால் வெளியே வரும்போது சார்ஜ் இருக்காது. நெட் இல்லாதபோது அது பழைய இடத்திலேயே உறைந்தும் நிற்கும். "இப்பத்தான் அப்டேட் ஆச்சு" என்று எழுதியிருக்கிறதா என்று பார்க்காமல் நான் ஒரு தடவை காலியான கழிப்பறை வரிசைக்கு முன்னால் போய் நின்றேன்.

அறிகுறி: ஆப்பில் வண்டி புக் ஆகிறது, உடனே கேன்சல் ஆகிறது

இது முன் ஏற்பாடு இல்லாமல் போய்விட்டு, நள்ளிரவில் ஆப்பை நம்புகிறவர்களுக்கு. டிரைவர் பக்கத்து நியாயத்தையும் கேளுங்கள். மேப்பில் உங்களுக்கும் அவருக்கும் 400 மீட்டர்தான். அதைத் தாண்ட முக்கால் மணி ஆகும், அந்த முக்கால் மணிக்கு அவருக்குக் காசு கிடையாது. உள்ளே வந்து மாட்டினால் அடுத்த சவாரியும் போச்சு. போன் செய்து "எங்க டிராப்" என்று கேட்பார், ஓசூர் என்றதும் வைத்துவிடுவார். நகரச் சவாரியாகப் போட்டு மாநில எல்லை தாண்டச் சொன்னால் அவர் வரமாட்டார், பர்மிட்டும் வேண்டும். அதற்கு அவுட்ஸ்டேஷன் என்று தனியாகப் போட வேண்டும்.

கட்டணம் ஏறுவதைப் பற்றி: 2020-ல் ஒன்றிய அரசு போட்ட நெறிமுறை அடிப்படைக் கட்டணத்தில் ஒன்றரை மடங்கு வரை என்றது. 2025 ஜூலையில் வந்த புதியது இரண்டு மடங்கு வரை போகலாம் என்கிறது. தக்க காரணம் இல்லாமல் கேன்சல் செய்கிறவருக்குக் கட்டணத்தில் 10 சதவீதம், அதிகபட்சம் 100 ரூபாய் அபராதம் என்றும் அதில் உண்டு. இதையெல்லாம் மாநிலங்கள் எடுத்து நடைமுறைப்படுத்த வேண்டும். நடுராத்திரி ரோட்டில் நின்றுகொண்டு சட்டம் பேசி யாரும் வீடு போய்ச் சேர்ந்ததில்லை. இங்கேயும் மருந்து அதேதான். வாசலில் நின்று புக் செய்யாமல் ஒன்றரை கிலோமீட்டர் நடந்து, வண்டி வந்து நிற்கக்கூடிய ரோட்டில் நின்று புக் செய்யுங்கள். அதே ஆப், அதே நேரம், வண்டி வரும்.

அறிகுறி: கச்சேரி ஊரின் அந்தக் கோடியில், வீடு இந்தக் கோடியில்

துமகூரு ரோட்டில் மாதாவரா பக்கம் பெரிய மைதானம் இருக்கிறது, பெரிய கச்சேரிகள் அங்கே நடக்கின்றன. நம்மவர்களுக்கு அது ஊரின் எதிர்க்கோடி. முன்பெல்லாம் நைஸ் ரோட்டைச் சுற்றிக்கொண்டு போய் அங்கேயே காத்துக் கிடப்பேன். அந்த ரோடு நகரத்துக்குள் நுழையாமல் எலெக்ட்ரானிக் சிட்டி பக்கம் ஓசூர் ரோட்டில் கொண்டுவந்து விடும், கார்களுக்கு நல்ல வழி. பைக்கில் போகிற தம்பிகள் மட்டும் கவனம், இரவு 10 மணியிலிருந்து காலை 5 வரை இரு சக்கர வண்டிக்கு அதில் அனுமதி இல்லை.

இப்போது வேறு மாதிரி செய்கிறேன். 2024 நவம்பரில் பச்சைப் பாதை மெட்ரோ மாதாவரா வரை வந்துவிட்டது. 2025 ஆகஸ்டில் ஆர்.வி. ரோட்டிலிருந்து பொம்மசந்திரா வரை மஞ்சள் பாதை திறந்துவிட்டார்கள், 19 கிலோமீட்டர், 16 ஸ்டேஷன். ஆர்.வி. ரோட்டில் பச்சையிலிருந்து மஞ்சளுக்கு மாறினால் போதும். பொம்மசந்திரா என்பது ஓசூர் ரோட்டிலேயே, அத்திப்பள்ளிக்கும் எலெக்ட்ரானிக் சிட்டிக்கும் நடுவில். கிருஷ்ணகிரிக்காரனுக்கு இதைவிட என்ன வேண்டும்? நான் ஊருக்குள் நுழைவதே இல்லை. பொம்மசந்திரா ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் சீட்டைச் சாய்த்துப் படுத்துக்கொள்கிறேன், பிள்ளைகள் ரயிலில் வந்து இறங்குகிறார்கள். கச்சேரி கண்டீரவா மைதானத்தில் என்றால் கப்பன் பார்க்கில் ஊதாப் பாதை ஏறி, மெஜஸ்டிக்கில் பச்சைக்கு மாறி, ஆர்.வி. ரோட்டில் மஞ்சளுக்கு மாற வேண்டும். இரண்டு மாற்றம். பரவாயில்லை.

கவனிக்க வேண்டியது கடைசி ரயில். கச்சேரி முடியும் நேரத்துக்குக் கணக்குப் போடாதீர்கள். ஸ்டேஷன் வாசலில் வரிசை, டிக்கெட், சோதனை என்று போகும், பிறகு ஆர்.வி. ரோட்டில் மாறும்போது மஞ்சள் ரயிலுக்கும் காத்திருக்க வேண்டும். மாறுகிற ஸ்டேஷனிலிருந்து கடைசி மஞ்சள் ரயில் எப்போது என்று போகும்போதே பலகையில் பார்த்து, அதிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். கிரிக்கெட் நாள் போலப் பெரிய நிகழ்ச்சிகளுக்குச் சில சமயம் நேரத்தை நீட்டுவார்கள். அறிவிப்பைப் பாருங்கள். திரும்பி வரும் டிக்கெட்டை முன்பே கையில் வைத்திருந்தால் ஒரு வரிசை மிச்சம். கடைசிப் பாட்டை விட முடியாது என்பார்கள். விட வேண்டாம். அதற்கு முந்தின பாட்டிலேயே மேடைக்கு முன்னாலிருந்து வாசல் பக்கத்துக்கு வந்து நின்று கேளுங்கள், சத்தம் அங்கேயும் அதே சத்தம்தான்.

அறிகுறி: ஆறு பேர் போனார்கள், ஐந்து பேர் வந்திருக்கிறார்கள்

ஐந்து பேரும் ஐந்து திசையில் தேடப் போவதுதான் வழக்கம். பிறகு ஆறு பேரைத் தேட வேண்டும். யாரும் நகரக்கூடாது. காகிதத்தில் எழுதிய இடம் ஒன்றில் ஐந்து பேரும் நில்லுங்கள். டவர் கிடைக்கிற ஒருவர் மட்டும் எஸ்எம்எஸ் அடிக்கட்டும். தேடப் போவதானால் இருவராக, வாசல் வரை ஒரே வழியில் போய் அதே வழியில் திரும்ப வேண்டும். பெரும்பாலும் ஆறாவது ஆள் கழிப்பறை வரிசையிலோ, டீ சர்ட் கடையிலோ இருக்கும்.

சின்னப் பிள்ளையைத் தொலைத்தால் இந்தப் பொறுமையெல்லாம் வேண்டாம். உடனே அருகிலிருக்கும் போலீஸ்காரரிடம் போங்கள், கூடவே 112-ஐ அழையுங்கள். உங்கள் சிம்முக்கு டவர் இல்லாவிட்டாலும் வேறு கம்பெனி டவர் இருந்தால் 112 போகும். குழந்தைகளுக்கு 1098, பெண்களுக்கு 181. பாட்டுக்குக் கிளம்பும்போது பிள்ளையைப் போட்டோ எடுத்து வையுங்கள், அன்றைக்கு என்ன சட்டை என்று பதற்றத்தில் அம்மாவுக்கே மறந்துபோகும்.

அறிகுறி: போன் செத்துவிட்டது

டவர் தேடித் தேடியே பாதி சார்ஜ் போயிருக்கும், மீதி வீடியோவில். பல மைதானங்களில் பவர் பேங்க்கை உள்ளே விடமாட்டார்கள், வண்டியிலேயே விட்டுப் போங்கள். பக்கத்தில் நிற்கிறவரிடம் போன் கேட்டால் கொடுப்பார்கள், ஆனால் யாருடைய நம்பர் ஞாபகம் இருக்கிறது? என் மகளுக்கு என் நம்பரே தெரியாது. கல்யாணப் பத்திரிகைக் காகிதம் இதற்குத்தான்.

அறிகுறி: பஸ்ஸில் வந்தாயிற்று, பைபாஸில் இறக்கிவிட்டார்கள்

இது பெங்களூருவில் நடக்கிற கோளாறு இல்லை, நம் ஊரிலேயே நடக்கிறது. கிருஷ்ணகிரிக்கு ரயில் கிடையாது, தர்மபுரிக்கு உண்டென்றாலும் அந்த நேரத்துக்கு ஒத்து வராது. ஆகவே பஸ். சேலம் போகும் ராத்திரி பஸ் பல நேரம் ஊருக்குள் வராது, பைபாஸிலேயே இறக்கிவிடும்.

போன வருடம் விடியற்காலை மூன்றேகால் மணி. டிரிப் முடித்துத் திரும்பிக்கொண்டிருந்தேன். மெயின் ரோட்டோரத்தில் ஒரு பெண் பிள்ளை, கழுத்தில் கச்சேரிப் பட்டை, கையில் செருப்பு. சேலம் போகிற பக்கம். எதிர்ப்பக்கம் சர்வீஸ் ரோட்டில் அவள் அப்பா, டிவிஎஸ் எக்ஸ்எல்லோடு. நடுவில் இரும்புத் தடுப்பு, அரளிச் செடி, இரண்டு பக்கமும் நிற்காமல் போகும் லாரிகள். ஒருவரையொருவர் பார்க்கிறார்கள், கத்திப் பேசிக்கொள்கிறார்கள். "அங்கயே நில்லு கண்ணு, ரோட்டத் தாண்டாத!" என்று அவர் சொல்வது லாரிச் சத்தத்தில் அவளுக்குக் கேட்கவில்லை, வா என்கிறார் என்று நினைத்து ஒரு கால் எடுத்து வைத்துவிட்டாள். நான் ஹார்ன் அடித்து நிறுத்தினேன். வண்டியில் உட்கார வைத்து, அடுத்த பாலத்துக்கடியில் சுற்றிக்கொண்டு அவரிடம் விட்டேன். அவர் என்னிடம் ஒன்றும் பேசவில்லை, எக்ஸ்எல் பெட்டியிலிருந்து ஸ்வெட்டரை எடுத்து மகளிடம் நீட்டினார்.

கூட்டிப்போக வருகிற அப்பாக்களே, மாமாக்களே: "பைபாஸ்" என்பது இடம் ஆகாது, அதற்கு நாலு ஓரம் உண்டு. பெங்களூரு போகிற பக்கமா, சேலம் போகிற பக்கமா? மெயின் ரோடா, சர்வீஸ் ரோடா? எந்தப் பாலத்துக்கு முன்னால்? பெங்களூருவிலிருந்து வருகிற பஸ் சேலம் போகிற பக்கத்தில்தான் நிற்கும், ஆகவே நீங்களும் அந்தப் பக்கத்து சர்வீஸ் ரோட்டில் நில்லுங்கள். பிள்ளைகள் டிக்கெட் எடுக்கும் முன்னே கண்டக்டரிடம் கேட்க வேண்டியது: ஸ்டாண்டுக்குள் போகுமா, இல்லையென்றால் எந்த இடத்தில் நிறுத்துவீர்கள். கேட்ட பதிலை ஓசூர் தாண்டும்போதே வீட்டுக்குச் சொல்லிவிடுங்கள்.

அறிகுறி: டோலில் கம்பி ஏறவில்லை

பாஸ்டேக்கில் காசு இல்லை. கச்சேரி நாளில் டோல் ஒன்றிரண்டு கூடுதலாகத் தாண்டியிருப்பீர்கள், மறந்திருப்பீர்கள். டேக் வேலை செய்யாவிட்டால் பணமாகக் கொடுத்தால் இரண்டு மடங்கு, யுபிஐயில் கொடுத்தால் ஒன்றேகால் மடங்கு என்று 2025 நவம்பர் 15-ல் விதி கொண்டுவந்தார்கள். யுபிஐயில் கொடுங்கள். போன் செத்திருந்தால் மேலே பாருங்கள்.

அறிகுறி: உள்ளூர் மைதானத்துக் கச்சேரி, அங்கேயும் இதே கூத்து

மாங்கனிக் கண்காட்சியில் பாட்டுக் கச்சேரி வைக்கிற ராத்திரி, தர்மபுரியில் கல்லூரி மைதானத்தில் ஏதாவது நடந்தால் நாலு ரோடு சந்திப்பு, எல்லாம் சின்ன அளவில் இதேதான். ஒரு வித்தியாசம், இங்கே அடைப்பது பைக். ஐநூறு பைக்கை வரிசையாகச் செருகி நிறுத்தியிருப்பார்கள், உள்வரிசையில் இருப்பதை எடுக்க வெளிவரிசைக்காரர் வர வேண்டும். வண்டியை மைதானத்துக்குக் கொண்டு போகாதீர்கள். சொந்தக்காரர் வீட்டு வாசலில் விட்டு நடந்து போங்கள். நம் ஊரில் சொந்தக்காரர் இல்லாத தெரு எது?

அறிகுறி: டிரைவர் கொட்டாவி விடுகிறார்

எல்லாம் சரியாக நடந்து, ஆறு பேரும் ஏறி, பெங்களூருவை விட்டு வெளியே வந்த பிறகு வருகிற கோளாறு. பின்சீட்டில் எல்லாரும் சாய்ந்துவிட்டீர்கள். மணி இரண்டு. பெங்களூருவிலிருந்து கிருஷ்ணகிரிக்கு 90 கிலோமீட்டர், தர்மபுரி என்றால் அதற்கு மேல் 45 இருக்கும். நான் காலையிலிருந்து விழித்திருக்கிறேன்.

முன்சீட்டில் உட்காருகிறவர் தூங்கக் கூடாது, அந்த சீட்டுக்கு அதுதான் வாடகை. டிரைவர் கண்ணாடியை இறக்குகிறாரா, சத்தமாகப் பாட்டு வைக்கிறாரா, கன்னத்தில் தட்டிக்கொள்கிறாரா என்று பாருங்கள். கொட்டாவிக்கு இவை எதுவும் மருந்தில்லை. டீ கூட உடனே வேலை செய்யாது, அரை மணி ஆகும். சூளகிரி தாண்டினால் மேலுமலை இறக்கம் இருக்கிறது, லாரிகள் மெதுவாக இறங்கும், பின்னால் போய் இடிக்க அரைக் கண் மூடினால் போதும். அதற்கு முன்னாலேயே, சூளகிரியில் வெளிச்சமுள்ள டீக்கடையாகப் பார்த்து நிறுத்தச் சொல்லுங்கள். "ண்ணா, டீ குடிச்சிட்டுக் கொஞ்சம் படுங்க" என்று நீங்களே சொல்லிவிடுங்கள். எங்களாகக் கேட்க மாட்டோம், கேட்டால் அடுத்த டிரிப்புக்குக் கூப்பிட மாட்டீர்கள் என்று ஒரு பயம். டீயைக் குடித்துவிட்டு ஸ்டீயரிங்கில் தலை வைத்து இருபது நிமிடம் தூங்குவேன். குறட்டை வரும், வீடியோ எடுக்காதீர்கள்.